பழைய புத்தகம் வேறு, அரிய புத்தகம் வேறு

எங்கள் வேலூர்ப் பக்கம் ஒரு வீட்டில் பெரியவர் காலமாகி வருடத் திதியும் முடிந்தால், அடுத்த வேலை பரணைச் சுத்தம் செய்வது. பித்தளைப் பாத்திரங்கள் பங்கு பிரிந்துவிடும். மரப்பெட்டியை யாராவது மருமகள் கேட்டு வாங்கிக்கொள்வாள். புத்தகங்கள் மட்டும் கோணிப்பையில் கட்டி வாசலுக்கு வரும். பேப்பர்காரர் செய்தித்தாளுக்குத் தருகிற விலையைக்கூட அதற்குத் தரமாட்டார். அட்டை, நூல், பசை எல்லாம் கழிவு என்று கணக்குச் சொல்வார். அவர் கணக்கில் அது சரிதான். அவர் வாங்குவது காகிதத்தை.

அதே மூட்டையை ஒருவர் பிரித்துப் பார்த்து நான்கு புத்தகங்களை எடுத்துக்கொண்டு, மீதியை எடைக்கே விட்டுவிட்டுப் போகிறார் என்றால், அவருக்குத் தெரிந்தது என்ன? பழம்புத்தகம் சேர்ப்பதும் விற்பதும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும். பதில் புரிந்தால் முதல் வருஷம் வீணாகச் செலவழிக்கிற பணத்தில் பாதி மிஞ்சும். நான் செலவழித்துத்தான் கற்றுக்கொண்டேன்.

எல்லோரும் முதலில் செய்கிற தப்பு, வயதை விலையாக நினைப்பது. ‘நூறு வருஷத்துப் புத்தகம், லட்சத்துக்குப் போகும்’ என்று யாராவது சொன்னால் உடனே நம்பாதீர்கள். ஒரு புத்தகத்துக்கு இன்று எத்தனை பிரதி மிஞ்சியிருக்கிறது, அதை எத்தனை பேர் தேடுகிறார்கள், கையில் இருக்கும் பிரதி என்ன நிலையில் இருக்கிறது, இந்த மூன்றும் சேர்ந்துதான் விலை. இதில் நடுவில் இருப்பதுதான் பெரும்பாலும் மறந்துபோகிறது. உலகத்தில் ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது, ஆனால் அதை ஒருவரும் கேட்கவில்லை என்றால், அது அரிய புத்தகம்தான், விலைபோகிற புத்தகம் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், மக்கள் போற்றிப் பாதுகாத்த புத்தகங்கள்தான் பெரும்பாலும் மலிவு. பூஜை அறையில் மஞ்சள் குங்குமத்தோடு வைத்துக் காப்பாற்றிய இராமாயணமும் பாரதமும் வீட்டுக்கு வீடு மிஞ்சியிருக்கின்றன. எழுத்தாளர் மு.வ. (மு. வரதராசன்) நம் திருப்பத்தூரில் 1912-இல் பிறந்தவர். ஒரு காலத்தில் அவர் புத்தகங்களைக் கல்யாணத்துக்குப் பரிசாகக் கொடுப்பது வழக்கம். ‘மணமக்களுக்கு அன்பளிப்பு’ என்று எழுதிய பிரதிகள் எங்கள் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் எந்த மூட்டையைப் பிரித்தாலும் கிடைக்கும். அவற்றில் முதல் பதிப்பாக இருந்தால் ஒழிய விலை ஏறாது.

மாறாக, யாரும் மதிக்காமல் கிழித்துப் போட்டதுதான் இன்று அரிது. சென்னை குஜிலிக் கடைத்தெருவில் ஓரணா அரையணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்கள் அப்படித்தான். எட்டுப் பக்கம், மட்டமான தாள், எழுத்துப் பிழைகள். கொலை நடந்தால் கொலைச் சிந்து, வெள்ளம் வந்தால் வெள்ளச் சிந்து. சந்தையில் பாடி விற்பார்கள், வாங்கியவன் படித்துவிட்டுப் பொட்டலம் கட்டிவிடுவான். 1903-இல் பாலாறு பெருகி வாணியம்பாடியை அடித்துக்கொண்டு போனது. அதைப் பற்றிய சிந்து ஒன்று உங்கள் பரணில் இருந்தால், தயவுசெய்து தராசில் வைக்காதீர்கள்.

தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று நமக்குத் தெரிந்த முதல் புத்தகம் ‘தம்பிரான் வணக்கம்’, 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட 16 பக்கம். இன்று அறியப்பட்ட ஒரே பிரதி அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதைப் பரணில் தேட வேண்டாம். தரங்கம்பாடியில் மிஷனரிகள் அச்சிட்ட 18-ஆம் நூற்றாண்டுப் புத்தகங்களும் நம் கைக்கு வருவது அபூர்வம். 1835-இல் அச்சகங்கள் மீதான கட்டுப்பாடு நீங்கிய பிறகு உள்ளூர்க்காரர்கள் அச்சுக்கூடம் வைப்பது பெருகியது. நம் மூட்டைகளில் வருவதெல்லாம் அதற்குப் பிந்தியவை, அதிலும் முக்கால்வாசி 1900-க்குப் பிந்தியவை.

சரி, புத்தகம் கைக்கு வந்துவிட்டது. எந்த வருஷத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் ஆட்டமே.

ஒருமுறை வேலூர் லாங் பஜார் பக்கத்தில் ஒரு பழைய பேப்பர் கடைக்காரர் எனக்காகவே ஒரு புத்தகத்தை எடுத்து வைத்திருந்தார். ஏதோ பக்திப் பாடல் தொகுப்பு, உள்ளங்கை அகலம். முகப்பில் ‘நந்தன௵ ஆனி௴’ என்று இருந்தது. அந்த ௵ என்பது வருடம், ௴ என்பது மாதம். பழைய பதிப்புகளில் இவை சர்வ சாதாரணம். கீழே ‘விலை அணா 6’. ஆங்கில வருஷம் எங்கும் இல்லை.

“சார், நந்தன வருஷம்னா 1892. நூத்தி முப்பது வருஷத்துச் சரக்கு. ஐயாயிரம் குடுங்க” என்றார்.

அவர் சொன்னது பாதி சரி. தமிழ் வருஷப் பெயர்கள் அறுபது. பிரபவ 1867-இல் வந்தது, மறுபடி 1927, மறுபடி 1987. அந்தக் கணக்கில் நந்தன என்பது 1892-ஆகவும் இருக்கலாம், 1952-ஆகவும் இருக்கலாம். அறுபது வருஷம் தள்ளிப்போனால் விலை எங்கே போய் நிற்கும்! அணாவைப் பார்த்தும் முடிவு செய்ய முடியாது. 1957 ஏப்ரலில்தான் நயா பைசா வந்தது, அதுவரை இரண்டு காலத்திலும் அணாதான். எழுத்தும் உதவவில்லை. இரண்டு காலத்திலும் பழைய ‘லை’, ‘னை’, ‘றா’ தான்.

பின்னட்டையைத் திருப்பினேன். கட்டம் போட்ட விளம்பரம். ‘எல்லாவித ரேடியோக்களும் ரிப்பேர் செய்து தரப்படும்.’

“அண்ணே, 1892-ல ஏதுண்ணே ரேடியோ?”

அவர் புத்தகத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார், சிரித்தார். “சரி, முப்பது ரூபா குடுங்க.”

இந்த வேலையில் முகப்பைப் படிக்கிற அளவுக்குக் கடைசித் தாளையும் பின்னட்டையையும் படிக்க வேண்டும் என்பது அன்றைக்குச் சும்மா கிடைத்த பாடம். வருஷம் கண்டுபிடிக்க வேறு சில கைவிளக்குகளும் உண்டு. பல 19-ஆம் நூற்றாண்டுப் பதிப்புகளில் வருஷம் தமிழ் எண்களில் இருக்கும். ௲௮௱௯௰௨ என்றால் ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றிரண்டு. சிலவற்றில் கலியப்தம், அதாவது கலியுக ஆண்டு, இருக்கும், அதில் 3101-ஐக் கழிக்க வேண்டும். சாலிவாகன சகாப்தம் என்றால் 78-ஐக் கூட்ட வேண்டும். திருவள்ளுவர் ஆண்டு என்றால் 31-ஐக் கழிக்க வேண்டும். தமிழ் வருஷம் சித்திரையில் பிறக்கிறது. அதனால் தை, மாசி, பங்குனி என்று போட்டிருந்தால் அடுத்த ஆங்கில வருஷத்தில் விழும். நந்தன மாசி 1892 இல்லை, 1893.

எழுத்தும் சாட்சி சொல்லும். தும்பிக்கை போலக் கொம்பு சுழித்த பழைய ‘ணை’, ‘லை’, ‘ளை’, ‘னை’ 1978 அரசாணைக்குப் பிறகுதான் பரவலாக மாறின. ஈய எழுத்தை மாற்றச் செலவாகும் என்பதால் சின்ன அச்சகங்கள் பழசையே கொஞ்ச காலம் ஓட்டின. இன்னொரு பக்கம், பெரியார் 1935-லேயே ‘குடி அரசு’ இதழில் சீர்திருத்த எழுத்தைக் கொண்டுவந்துவிட்டார். அதனால் புது எழுத்து இருந்தால் 1978-க்குப் பிந்தியது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடக் கூடாது. முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் எண் இருந்தால் 1972-க்குப் பிந்தியது, இதில் சந்தேகமில்லை. ‘தமிழ்நாடு அரசு’ என்று அச்சில் இருந்தால் பெரும்பாலும் 1969-க்குப் பிந்தியது. ‘சித்தூர், வட ஆற்காடு ஜில்லா’ என்று இருந்தால் மனசு கொஞ்சம் குதிக்கும். 1911-இல் சித்தூர் தனி ஜில்லாவாகப் பிரியும்வரை நம் மாவட்டத்துக்குத் தலைமையிடமே அதுதான்.

அடுத்தது பதிப்பு. முதல் பதிப்புக்கு ஏன் இவ்வளவு மவுசு என்று கேட்பவர்கள் உண்டு. நூல் முதன்முதலாக உலகத்துக்கு வந்த உருவம் அது, அவ்வளவுதான் காரணம். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, ஏட்டில் முடங்கிக் கிடந்த ஒரு காப்பியம் உரையோடு பொது வாசகர் கைக்கு வந்தது. அந்தப் பிரதியைத் தொடுவது அந்தத் தருணத்தைத் தொடுவது போல என்று சேகரிப்பவர் நினைக்கிறார். ஆனால் பாடத்தை ஆராய்கிறவருக்கு 1907-இல் வந்த இரண்டாம் பதிப்பு வேண்டும். கிடைத்த ஏடுகளை வைத்து அடுத்தடுத்த பதிப்புகளில் திருத்திக்கொண்டே போனவர் அவர். ஆகவே, யார் தேடுகிறார் என்பதைப் பொறுத்து எந்தப் பதிப்புக்கு மதிப்பு என்பதே மாறும்.

புதிதாக வருபவர்கள் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. பதிப்பு விவரப் பக்கத்தில் ‘முதற் பதிப்பு: 1944’ என்று முதல் வரி இருக்கும். அதைப் பார்த்ததும் குதித்துவிடுவார்கள். அதற்குக் கீழே இரண்டாம் பதிப்பு, மூன்றாம் பதிப்பு என்று வரிசை இறங்கிக்கொண்டே போகும். கடைசி வரிதான் உங்கள் கையில் இருக்கும் பிரதி. நம் பதிப்பாளர்கள் ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் மறுபடி அடித்தாலும் அதைப் பதிப்பு என்றே எண்ணுவார்கள் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரதியின் நிலை என்று வரும்போது முதலில் பக்கங்களை எண்ண வேண்டும். சோம்பல்படக் கூடாது. முகப்புத் தாள் இருக்கிறதா, படங்கள் இருக்கின்றனவா, மடித்து ஒட்டிய வரைபடம் இருக்கிறதா, பல பாகம் என்றால் எல்லாப் பாகமும் இருக்கின்றனவா. ஆர்தர் காக்ஸ் தொகுத்த வட ஆர்க்காடு மாவட்டக் கையேடு ஆங்கிலத்தில் 1881-இல் வந்தது. அதை ஹெரால்டு ஸ்டூவர்ட் திருத்தி 1890-களின் நடுவில் இரண்டு பாகமாக வெளியிட்டார். ஒரு பாகம் மட்டும் கையில் இருந்தால் அதன் விலை செட்டு விலையில் பாதி என்று நினைக்காதீர்கள், அதற்கும் நிறையக் கீழேதான். எத்தனை பக்கம் இருக்க வேண்டும் என்று தெரியாவிட்டால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடுங்கள். ஸ்கேன் செய்த பிரதி இருந்தால் பக்கத்துக்குப் பக்கம் ஒத்துப் பார்த்துவிடலாம்.

என் பெரிய முட்டாள்தனம் பைண்டிங்கில் நடந்தது. 1930-களின் நாடகப் பாட்டுப் புத்தகங்கள் ஏழெட்டு, மெல்லிய சிவப்பு மேலட்டையோடு, விளிம்பெல்லாம் கிழிந்து கிடந்தன. பத்திரமாக இருக்கட்டும் என்று ஒரு பைண்டரிடம் கொடுத்தேன். பத்து நாள் கழித்துப் பச்சை காலிக்கோ துணி முதுகோடு அழகான ஒரே புத்தகமாக வந்தது. மேலட்டைகளைக் காணோம். ‘கிழிஞ்சதுதானே சார், எடுத்துட்டேன்’ என்றார். நாடகக் கம்பெனியின் பெயர், விலை, வருஷம் எல்லாம் அந்த மேலட்டையில் மட்டும்தான் இருந்தன. போதாக்குறைக்கு ஓரம் நேராக வேண்டுமென்று கட்டிங் மெஷினில் கொடுத்திருந்தார், பக்க எண்கள் பாதி போய்விட்டன. அவரைக் குறை சொல்ல முடியாது. பள்ளி நோட்டுக்கு எதைச் செய்வாரோ அதையே இதற்கும் செய்தார். நான்தான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். கிழிந்த புத்தகத்தைக் கிழிந்தபடியே ஒரு உறையில் போட்டு வையுங்கள். செலோ டேப் ஒட்டாதீர்கள். நாலைந்து வருஷத்தில் பசை பழுப்பாகித் தாளோடு எழுத்தையும் சாப்பிட்டுவிடும். லேமினேஷன் அதைவிட மோசம்.

தாள் ஏன் அப்பளமாக நொறுங்குகிறது என்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. பழைய காலத்துத் தாள் கந்தல் துணிக் கூழில் செய்தது, உறுதியானது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மரக்கூழ்த் தாள் வந்தது. அதில் உள்ள அமிலம் தாளை உள்ளேயிருந்தே தின்னும். அதனால்தான் 1840-இல் அச்சான புத்தகம் வெள்ளையாக இருக்க, 1940-இல் அச்சானது விரலில் உதிரும். வேலூர் வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. ஓடு, தகரம் வேய்ந்த வீட்டுப் பரண் சித்திரை வைகாசியில் அடுப்புதான். கீழ்த்தளத்தில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, காற்றோட்டமான அலமாரியில் வையுங்கள். வேப்பிலை, வசம்பு பாட்டி காலத்து வழி, தப்பில்லை. ஆனால் இராமபாணப் பூச்சியைக் கண்டுபிடிக்க மாதம் ஒருமுறை நீங்களே புரட்டிப் பார்ப்பதைவிட நல்ல மருந்து கிடையாது. சரஸ்வதி பூஜைக்கு மட்டும் தூசி தட்டினால் போதாது.

எதைச் சேர்ப்பது? எல்லாவற்றையும் என்றால் இரண்டே வருஷத்தில் வீட்டில் சண்டை வரும். வேலி போட்டுக்கொள்ளுங்கள். என் வேலி வட ஆர்க்காடு. நம் மண்ணில் மூட்டையைப் பிரித்தால் தமிழ், தெலுங்கு, உருது மூன்றும் சேர்ந்தே வரும். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் வீடுகளில் உருது, அரபுப் புத்தகங்கள். அரபு எழுத்தில் அச்சான தமிழும் கைக்கு வரலாம். படிக்கத் தெரியாததால் ஒதுக்கிவிடாமல், தெரிந்தவரிடம் காட்டுங்கள். விரிஞ்சிபுரம், வள்ளிமலை, சோளிங்கர் தலபுராணங்கள், காங்கேயநல்லூரில் பிறந்த வாரியார் சுவாமிகள் நடத்திய ‘திருப்புகழமிர்தம்’ இதழ்கள், ஆர்க்காடு மிஷன் வெளியீடுகள், திருவிழா நோட்டீஸ், நாடக நோட்டீஸ் என்று இந்த வேலிக்குள்ளேயே ஆயுசுக்கும் வேலை இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா தனி ஆளாகச் சேர்த்ததுதான் பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமானது. புத்தகம் மட்டுமா? நோட்டீஸும் கல்யாணப் பத்திரிகையும்கூட அவர் விடவில்லை.

பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்து பைண்டு செய்து வைத்த அத்தைமார்களையும் மறந்துவிடக் கூடாது. புத்தகமாக வந்தபோது விட்டுப்போன ஓவியங்கள் அந்த பைண்டுகளில் இருக்கும். ‘கல்கி’யில் மணியம் வரைந்த படங்களுக்காகவே அவற்றைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வாங்குவதற்கு நம் ஊரில் பழைய பேப்பர் கடைகளும் காயலான் கடைகளும்தான் ஊற்று. கடைக்காரரோடு பழக்கம் வேண்டும். டீ வாங்கிக் கொடுத்து, ‘தமிழ்ப் புஸ்தகம் வந்தா ஒரு போன் போடுங்கண்ணே’ என்று சொல்லி வைத்தால், தராசுக்குப் போகும் முன் அழைப்பு வரும். சென்னையில் மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோனது. ஒரு தலைமுறை சேகரிப்பாளர்கள் இன்னும் அதைச் சொல்லி வருத்தப்படுகிறார்கள். திருவல்லிக்கேணி நடைபாதைக் கடைகளும் பழம்புத்தகத்துக்குப் பேர்போனவை.

விற்பது வேறு கலை, அதில் பொறுமைதான் முதலீடு. இணையத்தில் ஒருவர் ஐம்பதாயிரம் என்று போட்டிருப்பதைப் பார்த்து நீங்களும் அதையே சொல்லாதீர்கள். அது அவர் கேட்கிற விலை, விற்ற விலை இல்லை. மூன்று வருஷமாக அங்கேயே கிடக்கிறது என்றால் அந்த விலைக்கு ஆள் இல்லை என்றுதான் பொருள். வியாபாரிக்குக் கொடுத்தால் அவர் விற்கப்போகும் விலையில் பாதிகூட வராது. அதில் கோபப்பட ஒன்றுமில்லை, அந்தப் புத்தகம் அவர் அலமாரியில் எத்தனை வருஷம் தூங்குமோ யாருக்குத் தெரியும். நேரே வாசகருக்கு விற்றால் குறைகளை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். ‘பக்கம் 33, 34 இல்லை, கடைசித் தாளில் பூச்சித் துளை, முகப்பில் பேனாக் கையெழுத்து’ என்று எழுதிப் படமும் அனுப்பினால் வாங்கியவர் திரும்பவும் வருவார். எனக்கு ஒருவர் முதல் பதிப்பு என்று ஒன்றை அனுப்பினார். பிரித்துப் பார்த்தால் முகப்புத் தாள் மட்டும் ஜெராக்ஸ், டீத் தண்ணீரில் பழுப்பாக்கி ஒட்டியிருந்தார். அவரிடம் அதற்குப் பிறகு நான் ஒரு பஞ்சாங்கம்கூட வாங்கியதில்லை.

நூலக முத்திரை உள்ள புத்தகம் என்றால் கை வைக்கும் முன் யோசியுங்கள். கழிவு செய்யப்பட்டது என்ற முத்திரையும் சேர்ந்து இருந்தால் சரி. இல்லாவிட்டால் அது யாரோ திருப்பித் தராத, அல்லது தூக்கி வந்த புத்தகம். சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி, 75 வருஷத்துக்கு மேற்பட்ட, வரலாற்று அல்லது இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிகளும் ஆவணங்களும் தொல்பொருள்தான். ஓலைச்சுவடியும் இதில் வரும். அவற்றை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. மற்ற பொருள்களுக்கு வரம்பு 100 வருஷம். அச்சுப் புத்தகமானாலும், ரொம்பப் பழசாக இருந்து வெளிநாட்டிலிருந்து யாராவது கேட்டால், பார்சல் கட்டும் முன் இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்டுவிடுங்கள். வீட்டில் சுவடிக்கட்டு இருந்தால் விலை பேசாமல் ஒரு நூலகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்பது என் கட்சி.

அந்த முப்பது ரூபாய் நந்தன வருஷத்துப் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. ஐயாயிரம் சொன்னபோது அதில் விசேஷமாக ஒன்றுமே எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து விளம்பரத்தின் கீழே இருந்த சின்ன எழுத்தைப் படித்தபோதுதான், அந்த ரேடியோக் கடை இருந்தது நம் லாங் பஜாரில் என்று தெரிந்தது. பழைய ரேடியோ சேர்க்கும் நண்பர் ஒருவர் அதன் படத்தைப் பார்த்துவிட்டு மூன்று முறை விலை கேட்டுவிட்டார். பாட்டு அவருக்கு வேண்டாமாம், பின்னட்டை மட்டும் போதுமாம். தனியாகக் கிழித்துத் தர மனசு வரவில்லை, புத்தகத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.